மேக்ரோ படம் இருட்டாவும் வெளுத்தும் வருதா? எந்த அறிகுறிக்கு எதைத் திருகணும்

எங்க வீட்டு மொட்டை மாடியில விளிம்பு உடைஞ்ச தொட்டி ஒண்ணு இருக்கு, யாரும் விதைக்காமலே அதுல தும்பைச்செடி முளைச்சு நிக்குது, காலையில வெயில் ஏற ஆரம்பிச்சதும் கொசுத்தேனீ வந்து அந்தப் பூவோட உதட்டுல உக்காரும். பூ நல்ல வெள்ளை, தேனீ நல்ல கருப்பு, ரெண்டும் சேர்ந்தே ஒரு விரல் நகத்துக்குள்ள அடங்கிடும். மேக்ரோவுல, அதாவது சின்னப் பொருளை ரொம்பக் கிட்டப் போய்ப் பெருசா எடுக்கிறதுல, வரக்கூடிய அத்தனை வெளிச்சக் கோளாறையும் நான் இந்த ஒரு தொட்டியிலயே பார்த்துட்டேன்.

புதுசா மேக்ரோ ஆரம்பிக்கிறவங்க கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், தூரத்துல இருந்து எடுத்தா நல்லா வர்ற கேமரா கிட்டக்க போனா மட்டும் ஏன் இப்படிப் பண்ணுது, லென்ஸ்ல கோளாறா, மாத்தணுமான்னு. பத்துக்கு ஒன்பது தடவை லென்ஸ்ல ஒண்ணும் இருக்காது. படத்தைப் பார்த்து எங்க இருட்டு, எங்க வெளுப்பு, எல்லாப் படத்துலயும் அப்படியா இல்ல சிலதுல மட்டுமான்னு முதல்ல சொல்லத் தெரியணும், அது தெரிஞ்சா எதைத் திருகணும்னு தன்னால பிடிபடும். அதனால அறிகுறி வாரியா எழுதுறேன், உங்க படத்துக்கு எது பொருந்துதோ அங்க போங்க.

அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷ வேலை. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா கணக்குப் போட்ட வெளிச்சத்தை நாம பிளஸ், மைனஸ்னு கூட்டிக் குறைக்கிறது) சைபர்ல இருக்கான்னு பாருங்க, நேத்து சாயங்காலம் வானத்தை எடுக்க மைனஸ் 2 வச்சுட்டு அப்படியே மறந்திருப்போம், எனக்கு ஒரு முழு காலைப்பொழுது இப்படிப் போயிருக்கு. ஐஎஸ்ஓ (பதிஞ்ச வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கிற எண்) ஆட்டோவுல இருக்கான்னும் பாருங்க, ஏன்னா எல்லாத்தையும் நாமளே வைக்கிற மேனுவல் மோடுல இருந்தாலும் ஐஎஸ்ஓ ஆட்டோன்னா கேமரா அது இஷ்டத்துக்கு வெளிச்சத்தை ஏத்தி இறக்கும், நீங்க ஷட்டரைத் திருகிட்டே இருப்பீங்க, படம் மாறவே மாறாது. ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்) எடுங்க, ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம்னு காட்டுற வரைபடம்) சிவப்பு பச்சை நீலம்னு மூணும் தனித்தனியா தெரியுற மாதிரி வைங்க. அப்புறம் ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும்தான் மாத்தணும், மூணையும் சேர்த்துத் திருகினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது.

கிட்ட போகப் போக படம் முழுசா இருட்டாகுது

மேனுவல் மோடுல எடுக்கிறவங்களுக்குத்தான் இது முதல்ல வரும். லென்ஸ் கிட்டக்க ஃபோகஸ் ஆகணும்னா சென்சார்ல இருந்து விலகி முன்னாடி போகணும், அப்படிப் போகும்போது அதே வெளிச்சம் பெரிய வட்டமா விரிஞ்சு விழுது, விரிஞ்சா நீர்த்துப் போகும், அவ்வளவுதான் காரணம். டார்ச்சை சுவத்துல இருந்து பின்னாடி இழுத்துப் பாருங்க, வட்டம் பெருசாகும், வெளிச்சம் மங்கும், அதே கதைதான் இது.

கணக்கும் சுலபம். 1:1, அதாவது 5 மிமீ பூச்சி சென்சார் மேலயும் 5 மிமீ நீளத்துக்கே விழுற அளவுக்குக் கிட்ட போனா, வெளிச்சம் கால்வாசி ஆயிடும், 2 ஸ்டாப் போச்சு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகிறது, இல்ல இரட்டிப்பாகிறது). நீங்க அபெர்ச்சரை (லென்ஸ்ல வெளிச்சம் நுழையுற ஓட்டை, எஃப் எண் கூடக் கூட அது சின்னதாகும்) எஃப் 8ல வச்சிருந்தாலும் சென்சாருக்கு அது எஃப் 16 மாதிரிதான். பாதி அளவு, அதாவது 1:2 போனா 1 ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல போகும். 2:1 போனா ஒன்பதுல ஒரு பங்குதான் மிஞ்சும், 3 ஸ்டாப்புக்கும் மேல. உள்ளுக்குள்ளயே கண்ணாடி நகர்ற இன்னைக்கு லென்ஸ்கள்ல இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன வரும், ஆனா போக்கு இதுதான்.

இதுல ஒரு குழப்பம் நிறைய பேருக்கு உண்டு. நிக்கான் 105 மிமீ எஃப் 2.8 மேக்ரோ மாட்டி 1:1 போனா ஸ்கிரீன்ல எஃப் 4.8னு காட்டும், 2.8 வர மாட்டேங்குதேன்னு பதறுவாங்க. அது உண்மையைச் சொல்லுது, வெளிச்சம் குறைஞ்சதைக் கழிச்சுட்டுக் காட்டுது. கேனான்ல அப்படி இல்ல, நீங்க வச்ச 2.8 அப்படியே நிக்கும், ஆனா வெளிச்சம் அங்கயும் குறைஞ்சிருக்கும்.

எக்ஸ்டென்ஷன் ட்யூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற வெறும் குழாய்) போட்டாலும் இதே நஷ்டம் உண்டு, 50 மிமீ லென்ஸுக்குப் பின்னாடி 25 மிமீ ட்யூப் போட்டா 1 ஸ்டாப் சொச்சம், 50 மிமீக்கு ட்யூப் அடுக்கினா முழு 2 ஸ்டாப். ரேனாக்ஸ் 250 மாதிரி லென்ஸுக்கு முன்னாடி மாட்டுற க்ளோஸ்அப் கண்ணாடில இந்த நஷ்டம் கிடையாது, அதனால இருட்டான இடத்துல எடுக்கிறவங்களுக்கு நான் ட்யூப்பை விட அதைத்தான் சொல்லுவேன்.

அபெர்ச்சர் பிரயாரிட்டியில, அதாவது அபெர்ச்சரை நாம வச்சு ஷட்டரைக் கேமராகிட்ட விடுற மோடுல, எடுத்தா படம் இருட்டா வராது, கேமராவே லென்ஸ் வழியா அளந்து சரி பண்ணிடும், ஆனா அதுக்கு ஷட்டரை இறக்கிடும், நீங்க கவனிக்காம இருந்தா 1/15ல எடுத்துட்டு ஃபோகஸ் சரியில்லன்னு லென்ஸைத் திட்டுவீங்க. வெளிச்சம் எவ்வளவு பத்தாம போகும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்களேன். நல்ல உச்சி வெயில்ல எஃப் 11, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 100 போதும். அதே பூ நிழல்ல இருந்தா சுமார் 3 ஸ்டாப் குறைவு, ஐஎஸ்ஓ 800. அதுக்கு மேல 1:1 போறோம், இன்னும் 2 ஸ்டாப், ஐஎஸ்ஓ 3200. காலை ஏழு மணி வெளிச்சம்னா இதுக்கும் மேல. மேக்ரோ எடுக்கிறவங்க எல்லாரும் கடைசியில ஃபிளாஷ் பக்கம் போறதுக்கு இதுதான் காரணம்.

ட்யூப் போட்டதும் ஒண்ணுமே தெரியல, வ்யூஃபைண்டரே கருப்பு

உங்க ட்யூப்ல உள்பக்கம் தங்க நிறத்துல காண்டாக்ட் புள்ளிகள் இருக்கான்னு பாருங்க. இல்லாத மலிவு ட்யூப்னா கேமராவும் லென்ஸும் பேசிக்காது. நிக்கான் ஜி வகை லென்ஸ்ல அபெர்ச்சர் வளையம் கிடையாது, கேமரா உள்ள ஒரு குட்டி லீவர் தள்ளினாத்தான் அபெர்ச்சர் இதழ் (ஓட்டையைச் சுருக்குற தகடுகள்) திறக்கும், அந்த ட்யூப்ல தள்ள ஆள் இல்லன்னா இதழ் முழுசா மூடி எஃப் 16, 22ன்னு நிக்கும், அதான் கருப்பு. கேனான் ஈஎஃப் லென்ஸ் இதுக்கு நேர் எதிர், முழுசாத் திறந்தே நிக்கும், வெளிச்சம் வரும், ஆனா கத்தி முனை மாதிரி ஒரு கோடு மட்டும்தான் ஷார்ப்பா இருக்கும். கேனான்காரங்க செய்ற ஒரு வழி இருக்கு, ட்யூப் இல்லாம லென்ஸை மாட்டி எஃப் 8 வச்சு, டெப்த் ஆஃப் ஃபீல்டு ப்ரிவ்யூ பட்டனை அமுக்கிட்டே லென்ஸைக் கழட்டினா இதழ் அந்த அளவுலயே நின்னுடும். அப்புறம் ட்யூப் போட்டு மாட்டிக்கலாம். ஆனா காண்டாக்ட் உள்ள ட்யூப் வாங்கிடுறதுதான் நிம்மதி.

வெள்ளைப் பூ அழுக்குச் சாம்பலா வருது, இல்லைன்னா சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகுது

ஒரே பூவுக்கு ரெண்டும் வரும், காரணமும் ஒண்ணுதான். கேமரா மீட்டருக்குப் பூவும் தெரியாது புழுவும் தெரியாது, அதுக்கு முன்னாடி எது இருந்தாலும் நடுத்தரச் சாம்பலா ஆக்கணும்னு மட்டும்தான் தெரியும். ஃப்ரேம் முழுக்க மல்லிகையை நிரப்பினா, ஐயோ இவ்வளவு வெளிச்சமான்னு இறக்கிடும், மல்லிகை பழைய வேட்டி மாதிரி ஆயிடும். அதே மல்லிகை ஒரு சின்ன மொட்டா இருட்டு இலைக்கு நடுவுல இருந்தா, இலையைப் பார்த்து ஏத்திவிடும், மொட்டுல நரம்பே இல்லாம வெறும் வெள்ளை ஓட்டையா நிக்கும்.

பூ ஃப்ரேமை நிரப்புதுன்னா பிளஸ் 1ல ஆரம்பிச்சு பிளஸ் 1.7 வரைக்கும் ஏத்திப் பாருங்க. பூ சின்னதா, சுத்தி இருட்டுன்னா மைனஸ் பக்கம் போங்க, மைனஸ் 1ல ஆரம்பிக்கலாம். ஸ்பாட் மீட்டரிங் தெரிஞ்சவங்க பூ மேலயே புள்ளியை வச்சு அளந்து அதுக்கு மேல ஒன்றரை ஸ்டாப் ஏத்திக்கலாம், இதுதான் எனக்குப் பிடிச்ச முறை, பூ சின்னதோ பெருசோ பதில் ஒண்ணுதான் வரும். ஆனா சில கேமராவுல ஸ்பாட் எப்பவும் ஃப்ரேம் நடுவுலதான் அளக்கும், நீங்க ஃபோகஸ் புள்ளியை ஓரத்துக்குக் கொண்டு போயிருந்தாலும் அது நடுவுல இருக்கிற இலையைத்தான் பார்த்துட்டு இருக்கும்.

சரியா வந்துச்சான்னு ஸ்கிரீனோட பிரகாசத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, வெயில்ல எல்லாமே இருட்டாத் தெரியும், ராத்திரியில எல்லாமே பளிச்சுன்னு தெரியும். படத்தைப் பெருசாக்கி இதழோட ஓரத்தைப் பாருங்க. தும்பையில அந்தக் கீழுதட்டு விளிம்புல மெல்லிசா ஒரு சுருக்கம் இருக்கும், அந்தச் சுருக்கத்தோட நிழல் தெரிஞ்சா எக்ஸ்போஷர் சரி, தெரியலன்னா இன்னும் 1/3 இறக்குங்க.

கட்டெறும்பு, கருவண்டு சாம்பல் பூத்த மாதிரி இருக்கு

மேல சொன்னதோட மறுபக்கம்தான். கருப்பு நிரம்பின ஃப்ரேமை மீட்டர் தூக்கிவிடுது, மைனஸ் 1 வைங்க, முடிஞ்சது.

செம்பருத்தி பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கு

ஹிஸ்டோகிராம் பார்த்தா நல்லாத்தான் இருக்கும், வெளுத்த இடம் மினுக்குற எச்சரிக்கையும் வராது, ஆனா இதழ்ல ஒரு நரம்பு கூட இல்லாம சிவப்பு பெயின்ட் அடிச்ச தகடு மாதிரி இருக்கும். இது ஃபோகஸ் பிரச்சனைன்னு நினைச்சு நானே ரொம்ப நாள் ஃபோகஸைத் திருத்திட்டு இருந்தேன். நடந்தது என்னன்னா, நாம பார்த்தது மூணு நிறமும் சேர்ந்த ஹிஸ்டோகிராம், அதுல சிவப்போட பங்கு சின்னது, அதனால சிவப்பு மட்டும் வலது சுவத்துல முட்டி உடைஞ்சது அதுல தெரியவே இல்ல. மூணு நிறமும் தனியாக் காட்டுற ஹிஸ்டோகிராம்ல பாருங்க, சிவப்பு மட்டும் ஓரத்துல குவிஞ்சு நிக்கும். அது சுவத்தை விட்டு விலகுற வரைக்கும் இறக்குங்க, பெரும்பாலும் 2/3ல இருந்து 1 ஸ்டாப் ஆகும். படம் ஸ்கிரீன்ல இருட்டாத் தெரியும், பரவாயில்ல, கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம், உடைஞ்ச சிவப்பைத்தான் திரும்பக் கொண்டு வர முடியாது. கேமராவுல விவிட் மாதிரி ஏதாவது கலர் ஸ்டைல் இருந்தா நியூட்ரலுக்கு மாத்திடுங்க, ஹிஸ்டோகிராம் அந்த ஸ்டைலை வச்சுத்தான் வரையுது. செங்காந்தளுக்கும் இதே வைத்தியம், அதுல மஞ்சளும் சிவப்பும் சேர்றதால இன்னும் சீக்கிரம் உடையும்.

பூச்சி சரியா இருக்கு, பின்னாடி கும்மிருட்டு

பட்டப்பகல்ல எடுத்த படம் நடுராத்திரி மாதிரி இருக்கேன்னு கேப்பாங்க. ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் இரண்டு மடங்கானா கால்வாசி ஆகும். டிஃப்யூசர் (ஃபிளாஷ் முன்னாடி வச்சு வெளிச்சத்தைப் பரப்புற திரை) பூச்சிக்கு 10 செமீல இருக்கு, பின்னாடி செடி ஒரு மீட்டர்ல இருக்குன்னு வைங்க, அந்தச் செடிக்குப் போய்ச் சேர்றது பூச்சிக்கு விழுந்ததுல நூத்துல ஒரு பங்குதான், அது கருப்பாத்தான் வரும். ஃபிளாஷ் பவரை ஏத்தினா சரியாகும்னு ஏத்துவாங்க, பூச்சி வெளுத்துப் போகும், பின்னாடி அப்பவும் கருப்புதான்.

ரெண்டு வெளிச்சத்தையும் பிரிச்சுப் பார்க்கணும். ஃபிளாஷை அணைச்சுட்டு அதே செட்டிங்ல ஒண்ணு எடுங்க, அதுல வர்றதுதான் இயற்கை வெளிச்சத்தோட பங்கு. படம் முழுக் கருப்புன்னா உங்க செட்டிங் இயற்கை வெளிச்சத்தை உள்ளயே விடல. ஐஎஸ்ஓவை 100ல இருந்து 400, 800க்கு ஏத்துங்க, ஷட்டரை 1/200ல இருந்து 1/80, 1/60 பக்கம் இறக்குங்க, ஃபிளாஷ் இல்லாம எடுத்தா பின்னணி கொஞ்சம் மங்கலா ஆனா பச்சையாத் தெரியணும், அதுவரைக்கும். அப்புறம் ஃபிளாஷைப் போட்டு பூச்சிக்கு மட்டும் பவரைச் சரி பண்ணுங்க. ஷட்டரை மாத்தினா பின்னணி மட்டும்தான் மாறும், ஃபிளாஷ் பவரை மாத்தினா பூச்சி மட்டும்தான் மாறும், ஐஎஸ்ஓ ரெண்டையும் மாத்தும்.

ஆனா இயற்கை வெளிச்சத்தை ரொம்ப விட்டுட்டா பூச்சி நகரும்போது ஷார்ப்பான உருவத்தைச் சுத்தி பேய் மாதிரி ஒரு நிழலும் விழும். அதனால ஃபிளாஷ் இல்லாத படத்துல பூச்சி சரியான வெளிச்சத்தை விட 2 ஸ்டாப்பாவது இருட்டா இருக்கட்டும், ஆடாம உக்காந்த பூச்சின்னா 1 ஸ்டாப் போதும். இதெல்லாம் வேண்டாம், சுலபமா ஒரு வழி சொல்லுங்கன்னா, ஒரு காய்ஞ்ச இலையோ பச்சை இலையோ கிளிப்ல மாட்டி பூச்சிக்கு ஒரு சாண் பின்னாடி வைங்க, ஃபிளாஷ் அது மேலயும் விழும், பின்னணி வந்துடும். தட்டான், ஊசித்தட்டானுக்கெல்லாம் அவ்வளவு கிட்ட போய் இலை வைக்க முடியாது, எறும்புக்கும் சிலந்திக்கும் நல்லா நடக்கும்.

ஃபிளாஷ் போட்டா படத்துல ஒரு பக்கம் கருப்பு

கருப்போட வடிவத்தைப் பாருங்க. கோடு போட்ட மாதிரி நேரா, நீளப்பட்டையா இருந்தா ஷட்டர் ஸ்பீடு அதிகம். நிறைய கேமராவுக்கு 1/200 இல்ல 1/250தான் எல்லை, சிலதுக்கு 1/160, அதுக்கு மேல போனா ஷட்டர் திரை பாதி மூடின நேரத்துல ஃபிளாஷ் அடிக்கும். வயர்லெஸ் ட்ரிக்கர் வச்சிருந்தா இன்னும் ஒரு படி கீழ வைங்க. ஹைஸ்பீடு சிங்க் (அந்த எல்லைக்கு மேலயும் ஃபிளாஷ் வேலை செய்ற செட்டிங்) போட்டா பட்டை போகும், ஆனா ஃபிளாஷோட பலம் நல்லாவே குறையும், மேக்ரோவுல நமக்கு ஏற்கனவே வெளிச்சம் பத்தல, அதனால நான் அதைத் தொடுறதில்ல.

கருப்பு அரைவட்டமா, படத்தோட கீழ்ப்பக்கம் இருந்தா அது லென்ஸோட நிழல். கேமரா மேல எழுந்து நிக்கிற குட்டி ஃபிளாஷுக்கு இது கண்டிப்பா வரும். லென்ஸ் ஹூடைக் கழட்டுங்க, பத்தலன்னா ஃபிளாஷைக் கழட்டி ஒயர்ல லென்ஸ் நுனிக்குக் கொண்டு வரணும்.

பொன்வண்டு முதுகுல வெள்ளைத் திட்டு

எவ்வளவு இறக்கினாலும் போகாத வெளுப்பு இது, ஏன்னா இது எக்ஸ்போஷர் கோளாறே இல்ல. பளபளப்பான முதுகு ஒரு குட்டிக் கண்ணாடி, அதுல தெரியுறது உங்க ஃபிளாஷோட முகம். ஃபிளாஷ் சின்னதாத் தெரிஞ்சா ஒரு புள்ளியில எல்லா வெளிச்சமும் குவிஞ்சு எரியும், பெருசாத் தெரிஞ்சா அதே வெளிச்சம் முதுகு முழுக்கப் பரவி மெதுவா இறங்கும். அதனால டிஃப்யூசரைப் பெருசாக்குங்க, பூச்சிக்குக் கிட்டயும் கொண்டு வாங்க, ரெண்டும் சேர்ந்தாத்தான் பலன். நான் வச்சிருக்கிறது சிப்ஸ் வர்ற நீள டப்பா, அடியை வெட்டிட்டு உள்ள அலுமினிய ஃபாயில் ஒட்டி, வாயில ட்ரேசிங் பேப்பர், அதுக்கு ஒரு விரல் தள்ளி இன்னொரு ட்ரேசிங் பேப்பர். ரெண்டு பேப்பருக்கும் நடுவுல இடைவெளி விடணும், ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிட்டா நடுவுல சூடான புள்ளி அப்படியே இருக்கும், இடைவெளி விட்டா முதல் பேப்பர்ல விரிஞ்சது ரெண்டாவது பேப்பர் முழுக்க நிரம்பும். வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு எவர்சில்வர் ஸ்பூனோட முதுகை எடுத்துப் பாருங்க, அதுல ஓரம் மெதுவா மங்குற ஒரு வெள்ளைப் பரப்பு தெரிஞ்சா சரி, நடுவுல எரியுற ஒரு பொட்டு தெரிஞ்சா இன்னும் வேலை இருக்கு. டிஃப்யூசர் ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும், பவரை அதுக்கேத்த மாதிரி ஏத்திக்கோங்க, 1/8, 1/16க்கு மேல போகாம பார்த்துக்கிட்டா நல்லது, பவர் குறைய குறைய ஃபிளாஷ் எரியுற நேரமும் சுருங்கும், பெரிய ஸ்பீட்லைட்கள் முழு பவர்ல 1/1000 செகண்ட் பக்கம் எரியும், 1/16ல 1/10,000 பக்கம் வந்துடும், கை ஆடுறது படத்துல தெரியாது.

பத்துப் படம் எடுத்தா பத்தும் பத்து வெளிச்சம்

ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்த பல படங்களை ஒண்ணாச் சேர்க்கிறது) பண்றவங்களுக்கு இது பெரிய தலைவலி, சேர்க்கும்போது படத்துல திட்டுத்திட்டா வரும். எல்லாத்தையும் மேனுவலாக்குங்க, ஐஎஸ்ஓ, வைட் பேலன்ஸ், ஃபிளாஷ் பவர் உட்பட, ஃபிளாஷ் பவரைக் கேமராவே தீர்மானிக்கிற டிடிஎல் வேண்டாம். அப்பவும் மாறுதுன்னா ஃபிளாஷ் சார்ஜ் ஏறுறதுக்குள்ள அடுத்த படம் எடுக்குறீங்க, இடைவெளியைக் கூட்டுங்க. ஃபிளாஷே இல்லாம வீட்டு எல்இடி லைட்ல எடுக்கும்போது மாறுதுன்னா அது கரன்ட். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு பல்ப் செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும், ஷட்டரை 1/50 இல்ல 1/100ல வைங்க, எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைங்க. இன்னொண்ணு, பழைய மாதிரி கண்ணாடி உள்ள கேமராவை ட்ரைபாட்ல வச்சு கண்ணை எடுத்துட்டு ஆட்டோவுல எடுத்தா, வ்யூஃபைண்டர் வழியா வெயில் உள்ள போய் மீட்டரைக் குழப்பும், படம் இருட்டா வரும். ஒரு கைக்குட்டையால மூடுங்க.

ஸ்கிரீன் கருப்பா இருக்கு, ஆனா எடுத்தா நல்லா வருது

உள்ள கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராவுல ஃபிளாஷுக்கு மேனுவல் வச்சா இப்படித்தான், ஸ்கிரீன் இயற்கை வெளிச்சத்தை மட்டும் வச்சு காட்டுது. மெனுவுல எக்ஸ்போஷர் ப்ரிவ்யூ மாதிரி ஒண்ணு இருக்கும், கம்பெனிக்கு ஒரு பேர் வச்சிருப்பாங்க, அதை ஆஃப் பண்ணுங்க.

வெளிச்சம் சரி, ஆனா எல்லாமே மொழுமொழுன்னு இருக்கு

எஃப் 22 வச்சிருக்கீங்களா? 1:1ல அது எஃப் 44க்குச் சமம், அவ்வளவு சின்ன ஓட்டையில நுழையும்போது வெளிச்சம் விளிம்புல வளைஞ்சு சிதறும், ஃபோகஸ் ஆன இடமே மழுங்கிடும். நான் 1:1ல எஃப் 8க்கும் 11க்கும் நடுவுலதான் நிப்பேன், டெப்த் (ஷார்ப்பா வர்ற ஆழம்) பத்தலன்னா பூச்சியோட உடம்புக்கு இணையா கேமராவைத் திருப்புவேன்.

ஃபோன்ல எடுக்கிறவங்களுக்கு

பெரும்பாலான ஃபோன்ல அபெர்ச்சர் மாறாது, அதனால உங்க கையில இருக்கிறது ரெண்டுதான். பூவைத் தொட்டு விரலை எடுக்காம பிடிங்க, லாக் ஆகும், அப்புறம் அந்தச் சூரியக் குறியைக் கீழ இழுங்க, வெள்ளையில சுருக்கம் தெரியுற வரைக்கும். மேக்ரோ மோடுல ஃபோன் பூவுக்கு 2, 3 செமீ கிட்ட போயிடும், அந்த ஃபோனே வெளிச்சத்தை மறைச்சுடும், இருட்டுக்குக் காரணம் பாதி நேரம் அதுதான். சூரியன் பக்கவாட்டுல இருக்கிற மாதிரி நின்னுக்கோங்க.

ஒரே ஃப்ரேம்ல வெள்ளையும் கருப்பும்

தும்பையும் கொசுத்தேனீயும். வெள்ளைக்கு வச்சா தேனீ ஒரு மசிப்பொட்டு, தேனீக்கு வச்சா பூவே காணோம். இதுல எப்பவும் வெள்ளைப் பக்கம்தான் நிக்கணும், வெளுத்துப் போனதை ரா ஃபைல் கூடக் காப்பாத்தாது, இருட்டுல மறைஞ்சதை ஓரளவு தோண்டி எடுத்துடலாம். அந்தத் தோண்டுற வேலையையும் குறைக்க, கீழ இருந்து வெளிச்சம் கொடுங்க. கல்யாணப் பத்திரிகை அட்டையோட வெள்ளைப் பின்பக்கம் உள்ளங்கை அளவு வெட்டி பூவுக்குக் கீழ, ஃப்ரேமுக்கு வெளிய பிடிச்சா, ஃபிளாஷ் வெளிச்சம் அதுல பட்டுத் தேனீயோட வயித்துக்குத் திரும்பி வரும். இப்போ நான் அந்தத் தொட்டிக்கு வச்சிருக்கிறது எஃப் 9, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் 1/16, பின்னாடி ஒரு பூவரச இலை, கீழ அட்டை. தேனீ வர்றதுக்கு முன்னாடியே வெறும் பூவை எடுத்து அந்த விளிம்புச் சுருக்கம் தெரியுதான்னு சரி பார்த்துடுவேன், அது உக்காந்த பிறகு எதையும் திருக நேரம் இருக்காது, எண்ணி மூணு செகண்ட்தான் ஒரு பூவுல நிக்கும்.